மல்லிக்கும் மிளகாய்க்கும் ஒரு பெட்டி

திருப்பதியை விட்டுத் திருத்தணிக்குப் போவதென்று முடிவான அன்று எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. அம்மா பாத்திரங்களை இறக்கித் துலக்கினாள். நைனா கட்டில் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அத்தை மட்டும் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாகப் படுத்திருந்த பூனைகளைப் பார்த்து, "இதுங்கள எதுல வெச்சு எடுத்துக்கினு போறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கப் பதினேழு நாள் ஆயிற்று.

நைனா தாலுக்கா ஆபீசில் குமாஸ்தா. ஆந்திரா தனி ராஜ்யமானபோது நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்து ஆந்திராக்காரர்கள் ஆனோம். சில வருஷம் கழித்து எல்லையை மறுபடியும் பேசி, திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்கு, சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கு என்று தீர்த்தார்கள். தமிழ் எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் அந்தப் பக்கம் போக விருப்பமானால் எழுதித் தரலாம் என்று ஆபீசில் தாள் சுற்றி வந்தது. நைனா எழுதித் தந்துவிட்டார். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வீட்டில் தமிழும் ஆபீசில் தெலுங்கும் பேசி, கோபம் வந்தால் இரண்டையும் கலந்து பேசுகிற மனிதர் அவர். எனக்கு அப்போது ஒன்பது வயது. தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு. தமிழ் எழுத்தை நைனா வீட்டில் சொல்லித் தந்திருந்தார்.

அத்தை நைனாவின் கடைசித் தங்கை. கல்யாணமாகி எட்டாவது மாதம் புருஷனை விஷக்காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது என்பது இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. எனக்கு அன்று அவள் எல்லாம் அறிந்த பெரிய மனுஷி. அவள் தொட்டால் தயிர் நன்றாக உறையும், அவள் முடிச்சுப் போட்டால் அவிழாது, அவள் கூப்பிட்டால் பூனை வரும். பூனை யார் கூப்பிட்டும் வராது என்று நம்பியிருந்த எங்கள் தெருவுக்கு இது பெரிய அதிசயம்.

பூனைகள் இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த அக்கா தங்கைகள். வெள்ளையாகச் சாதுவாக இருந்தது மல்லி. செம்பட்டை நிறத்தில், எந்நேரமும் சண்டைக்கு வருகிற முகத்தோடு இருந்தது மிளகாய். குழம்புக்கு இந்த இரண்டும் இருந்தால் போதும் என்று அத்தை வைத்த பெயர்கள்.

நைனாவின் யோசனை எளிமையானது. "ஒரு கோணியில போட்டு வாயைக் கட்டினா ஆச்சு."

"கோணியில கட்றவன் தொலைக்கப் போறவன்ண்ணா. நாம கூட்டிக்கினு போறோம்."

அத்தை அண்ணனிடம் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நைனாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. கட்டில் கயிற்றைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டுக்கு ஒரு பாத்திரமோ கூடையோ பெட்டியோ வந்தது, அத்தையின் பரீட்சைக்கு உட்கார்ந்தது, தோற்றுப் போனது. பரீட்சை மூன்று வகை. முதலில் அத்தை தன் கையை முழங்கை வரை உள்ளே விட்டு, பூனை புரளுவது போல எல்லாப் பக்கமும் புரட்டுவாள். அடுத்து வெயிலில் அரைமணி வைத்து மறுபடி கையை விடுவாள். இரண்டிலும் தேறினால் பூனைகளை உள்ளே வைத்துத் தெருக்கோடி வரை தூக்கிக்கொண்டு நடப்பாள். நானும் கூட நடப்பேன். ஒரு காரியத்தை இவ்வளவு மரியாதையாகச் செய்யலாம் என்பதே எனக்குப் புதிது. எங்கள் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர்கூடப் பிள்ளைகளை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

கோழிக்கூடை முதல் நாளே தோற்றது. அதில் முன்பு குடியிருந்த கோழிகளின் வாசனையைப் பிடித்துக்கொண்டு பூனைகள் தாமாகவே உள்ளே போனது என்னவோ உண்மை. ஆனால் கோழி எங்கே என்று மிளகாய் கூடையின் கண்கள் வழியாகக் கையை நீட்டித் தேடியதில், பக்கத்தில் நின்ற நைனாவின் கணுக்காலில் மூன்று கோடு விழுந்தது.

நைனாவுக்கு ரோஷம் வந்தது. பரணில் இருந்த தன் தகரப் பெட்டியை இறக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆணியால் நாற்பது ஓட்டை போட்டார். நாற்பதும் அளவெடுத்தது போல வரிசையாக இருந்தன. ஆபீஸ் ரிஜிஸ்தரில் அவர் கோடு போடுவது அப்படித்தான் இருக்கும். அத்தை கையை உள்ளே விட்டுப் புரட்டி வெளியே எடுத்தாள். புறங்கையெல்லாம் சிவப்புக் கீறல்.

"அண்ணா, வெளியிலேருந்து அடிச்சிட்டியே. முள்ளெல்லாம் உள்பக்கம் நீட்டிக்கினு கீது."

நைனா சுத்தியலை எடுத்துப்போய் வைத்தார். அந்தப் பெட்டி பிற்காலத்தில் திருத்தணியில் வெங்காயம் போட்டு வைக்க மிகவும் உபயோகமாக இருந்தது. நாற்பது ஓட்டை போட்ட வெங்காயப் பெட்டி வேறு யார் வீட்டிலும் கிடையாது.

கோவில் தெருப் பூக்காரியிடம் கேட்டு வாங்கி வந்த மூடி போட்ட பூக்கூடைதான் மூன்று பரீட்சையிலும் தேறிய முதல் கூடை. துளசியும் சாமந்தியும் மணக்கிற அந்தக் கூடைக்குள் இரண்டு பூனைகளும் நாள் முழுக்கத் தூங்கின. அத்தைக்கு நம்பிக்கை வந்து, ஒரு ஜட்கா பேசி, கூடையோடும் என்னோடும் ரயில் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டாள். பூனைகள் ரயில் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட வேண்டும், அன்றைக்குத் திடீரென்று கேட்டால் பயந்துவிடும் என்பது அவள் எண்ணம். மொட்டை போட்ட யாத்திரீகர்கள் கூட்டம் கூட்டமாக எதிரே வர, ஜட்காக்காரர் குதிரையைத் திட்டிக்கொண்டே ஓட்ட, அத்தை கூடையை மடியில் அணைத்துக்கொண்டு ராணி போல உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா மேஜைமேல் பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. "குக்ககு டிக்கெட் உந்தி" என்றார் அவர் தெலுங்கில். நாய்க்கு டிக்கெட் உண்டு. பூனைக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். யானை, குதிரை, கழுதை, பன்றிக்குட்டி எல்லாம் வந்தன. எவ்வளவு பெரிய உலகம் அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தேன். கடைசியில், மூடியும் தாழும் இருக்க வேண்டும், காற்றுப் போக வேண்டும், பிராணி வெளியே வரக் கூடாது என்று படித்துக் காட்டினார். அவர் படித்து முடிக்கவும் எங்களுக்குப் பின்னால் ரயில் வரவும் சரியாக இருந்தது. மிளகாய் பூக்கூடையின் பக்கவாட்டைப் பல்லால் கிழித்துத் தலையை வெளியே நீட்டி, அவரையும் புத்தகத்தையும் பார்த்தது.

"பிராணி பயிட்டகி ஒச்சேசிந்தி" என்று குமாஸ்தா அமைதியாகச் சொல்லிப் புத்தகத்தை மூடினார். பிராணி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்குள் பத்து நாள் போயிருந்தது. ஒரே கூடையில் இரண்டு பூனையை அடைப்பதால்தான் தொல்லை, தனித்தனியாக வைத்தால் என்ன என்று அம்மா கேட்டாள். சரி என்று இரண்டு சின்னக் கூடைகள் வந்தன. மல்லி இருந்த கூடை என் கையில், மிளகாய் இருந்தது அத்தையின் கையில். தெருக்கோடி வரை போவதற்குள் இரண்டும் போட்ட கூச்சலில் கதவு திறக்காத வீடு இல்லை. மல்லி அப்படிக் கத்தி நான் கேட்டதே கிடையாது. எனக்குப் பயமாகிவிட்டது. அத்தை வருவதற்குமுன் தெருக்கோடியிலிருந்த காலி மனைக்குள் போய், கூடையை வைத்து மூடியைத் திறந்துவிட்டேன்.

மல்லி வெளியே வந்து நான்கு அடி வைத்தது. அங்கே உடைந்த ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. பகல் வெளிச்சத்தில், கண்ணை அகலத் திறந்துகொண்டு, மல்லி நேராகப் போய் அதில் முட்டிக்கொண்டது. பின்வாங்கி, வேறு பக்கம் திரும்பி, மறுபடி அதிலேயே முட்டியது. பிறகு தரையோடு தரையாகப் படுத்து நடுங்க ஆரம்பித்தது.

அத்தை ஓடி வந்தாள். அவள் கையிலிருந்த கூடையைத் திறந்ததும் மிளகாய் பாய்ந்து வந்து, அதுவரை நான் கேட்டிராத ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது. தொண்டைக்குள்ளேயே உருண்டு நிற்கிற சத்தம். மல்லி தலையைத் தூக்கியது. மிளகாய் அதன் பக்கத்தில் போய் உடம்போடு உடம்பு ஒட்டி நின்று, வாலை நேராகத் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்தது. மல்லி அதன் விலாவில் தன் மீசையைத் தொட்டபடி கூடவே நடந்தது. கல்லைச் சுற்றி, முள்ளைச் சுற்றி, இரண்டும் அத்தையின் காலடிக்கு வந்து சேர்ந்தன.

மூன்று வருஷமாக நான் அந்தப் பூனையோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அது அடுப்பு மேடையில் ஏறும், ஜன்னலில் தாவும், என் பாயில் வந்து படுக்கும். அதற்குக் கண் தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் அது மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அந்தக் காலி மனையில் நின்றபோது என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோவிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

"பொறந்தப்பவே கண்ணுல சீழ் கட்டிப் போச்சு" என்றாள் அத்தை. "மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்தான் ஒரு மாசம் தெனம் கழுவி மருந்து போட்டாரு. கண்ணு கெடச்சுது, பார்வ கெடைக்கல. ஒங்க நைனாகிட்ட சொல்லாத. குருட்டுப் பூனைய எதுக்கு எடுத்துக்கினு போறதுன்னுவாரு."

நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலே அந்தப் பேச்சு வந்துவிட்டது. சாமான் ஏற்ற நாலைந்து நாளே பாக்கி இருந்தபோது நைனா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வேணாம். எலி புடிக்கிறது மிளகாதான். அத மட்டும் கோணியில எடுத்துக்கலாம். வெள்ளைய பக்கத்து வீட்ல விட்டுட்டு வா."

அத்தை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நானும் பக்கத்து வீட்லயே இருந்துக்கறேண்ணா."

குரல் உயரவில்லை. கண் கலங்கவில்லை. நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்வது போலச் சொன்னாள். நான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த சோற்றைத் தின்று முடித்து, தண்ணீர் குடித்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாச்சும் ஒரு வழி பண்ணு" என்று எழுந்து போனார். எங்கள் வீட்டில் நைனாவை எதிர்த்துப் பேசியும் ஒருவர் உயிரோடு இருக்க முடியும் என்று நான் அன்றுதான் கண்டேன்.

மறுநாள் அத்தை மல்லியை முந்தானையில் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். பயணத்துக்கு முன் ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்றாள். நானும் போனேன். பெரிய புளியமரத்தின் அடியில் மாடுகளைக் கட்டி வைத்துக்கொண்டு ஜனங்கள் காத்திருந்தார்கள். கம்பவுண்டர் தெலுங்குக்காரர், உயரமாக, மெலிந்து, எப்போதும் அரைக்கைச் சட்டையில் அயோடின் கறையோடு இருப்பார். முரட்டு எருமைகளின் மூக்கைப் பிடித்து மருந்து புகட்டுகிற அதே கையால் மல்லியின் இமையை அவ்வளவு மெதுவாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஏமி, ஊர் மாத்துறீங்களாமே" என்றார் அரைகுறைத் தமிழில்.

அத்தை நடந்ததையெல்லாம் சொன்னாள். கோழிக்கூடை, தகரப் பெட்டி, பூக்கூடை, ரயில்வே புத்தகம். அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரப் பயணம், ரேணிகுண்டாவில் வண்டி மாற எத்தனை நேரம் என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு துண்டு பாண்டேஜ் துணியை எடுத்து மல்லியை மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்து, முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயந்தரம் சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

அந்தப் பெட்டியை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். மருந்துப் புட்டிகள் வந்த பெட்டியைப் பிரித்து, அந்தப் பலகையிலேயே செய்திருந்தார். கதவு மேலே இல்லை, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று இருந்தது. மேலே தூக்கித் திறக்கிற மாதிரி. மேலிருந்து அமுக்கினால் பூனை பயப்படும், தானாக நடந்து உள்ளே போக வேண்டும் என்றார். காற்றோட்டத்துக்கு வட்ட வட்டமாகத் துளைகள். எல்லாம் தாழ்வாக, பூனையின் மூக்கு உயரத்தில். ஒவ்வொன்றின் விளிம்பும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழவென்று இருந்தது. நடுவில் ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பில் ஒரு பூனையின் தலை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல். "ரெண்டும் தனித்தனி. கானி, தொட்டுக்கலாம்" என்றார். 'ஆனால்' என்பதற்கு அவர் வாயில் தெலுங்குக் 'கானி'தான் வந்தது. அடியில் வைக்கோல் வைத்துத் தைத்த மெத்தை. தூக்குகிற கயிறு கையை அறுக்காமலிருக்க அதன்மேல் பாண்டேஜ் சுற்றியிருந்தது.

மேல் பலகையில் சிவப்பு மையால் தெலுங்கில் ஒரு வரி எழுதியிருந்தது. அதன் கீழே தமிழிலும் எழுதியிருந்தது. தெலுங்கு எழுத்துகள் முத்து முத்தாக இருந்தன. தமிழ் எழுத்துகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக ஏறி இறங்கி நின்றன: 'உள்ளே உயிர் இறுக்கிரது.'

நைனா குனிந்து படித்தார். எழுத்துப் பிழையைக் கண்டால் சும்மா இருக்க முடியாதவர். அன்று ஏனோ சும்மா இருந்தார்.

கம்பவுண்டர் கதவைத் தூக்கிப் பிடித்தார். மல்லி வாசலில் மூக்கை வைத்து முகர்ந்தது. ஒரு காலை உள்ளே வைத்து மெத்தையை அழுத்திப் பார்த்தது. பிறகு யாரும் சொல்லாமல் நடந்து உள்ளே போய்ச் சுருண்டு படுத்தது. மிளகாய் பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, மறுபக்கத்துக் கதவு வழியாக நுழைந்து, ஜன்னலில் தலையை நீட்டி மல்லியின் நெற்றியை நக்கியது. நைனா ஒருமுறை பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சரி" என்று வைத்தார்.

நான் அத்தைக்காகக் காத்திருந்தேன். இனிமேல்தானே பரீட்சை. கையை விட்டுப் புரட்டுவாள், வெயிலில் வைப்பாள், தெருக்கோடி வரை நடப்பாள். அவள் பக்கத்தில் வரவே இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, "ரொம்ப சிரமம் எடுத்துக்கினீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் தெலுங்கில் "பர்வாலேது", பரவாயில்லை என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதுவரை வந்ததையெல்லாம் தள்ளிவிட்டவள் இதை மட்டும் கையால் தொட்டுக்கூடப் பார்க்காமல் எப்படி ஒப்புக்கொண்டாள் என்று அன்று இரவு அவளையே கேட்டேன். தூங்கு என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். பார்சல் குமாஸ்தா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். இரண்டு மொழியிலும் படித்தார். புத்தகத்தைத் திறக்காமலே சீட்டு ஒட்டினார். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா வரை சின்ன ரயில். அங்கே இறங்கிப் பெரிய ரயிலுக்குக் காத்திருந்தோம். நான் அதுவரை பெரிய தண்டவாளத்து இஞ்சினைப் பக்கத்தில் பார்த்ததில்லை. அது வரும்போது பிளாட்பாரம் அதிர்ந்தது. மலையே சக்கரம் கட்டிக்கொண்டு வருவது போலக் கறுப்பாக, நெருப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலே உயர்ந்து வந்து நின்று, புஸ்ஸென்று ஆவியை விட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டு அம்மாவின் புடவைக்குள் புகுந்தேன். அம்மா நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு எங்கும் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆவி அடங்கியதும் பார்த்தால், அத்தை பிளாட்பாரத்தில் மண்டியிட்டுப் பெட்டியில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் நானும் துளை வழியாகப் பார்த்தேன். மல்லியின் தலை ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் போய் மிளகாயின் முதுகில் கிடந்தது. இரண்டும் கண் மூடியிருந்தன. அந்தப் பெரிய இஞ்சினுக்குப் பயப்படாத உயிர்கள் ரேணிகுண்டா ஸ்டேஷனிலேயே அவை இரண்டுதான்.

புத்தூர் தாண்டி, நகரி மலையின் மூக்குப் போன்ற சிகரம் தெரிந்து மறைந்து, மத்தியானத்துக்கு மேல் திருத்தணி வந்து சேர்ந்தோம். புது வீட்டில் பெட்டியைத் திறந்ததும் மிளகாய் முதலில் வெளியே வந்தது. பின்னாலேயே மல்லி. சுவர் ஓரமாகவே இரண்டும் வீடு முழுக்கச் சுற்றின. சமையலறை, கூடம், கொல்லைப்படி. நாலு நாள் அப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் மல்லி தனியாக எழுந்து, எதிலும் முட்டாமல் கூடத்தைக் கடந்து, கொல்லைப்படியில் போய் வெயில் காய்ந்தது. நான் கை தட்டினேன். நைனா அப்போதுதான் கவனித்தார். பூனையையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை நாளாக அவருக்குத் தெரியும், அன்றுதான் தெரிந்ததா, எனக்குத் தெரியாது.

அன்று அத்தை ஒரு தபால் கார்டை என்னிடம் நீட்டினாள். அவளுக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், எழுத வராது. "கம்பவுண்டருக்கு ஒரு வார்த்த எழுதிப் போடணும். நான் சொல்ற மாதிரி எழுது" என்றாள். எழுதினேன். பூனைகள் சுகமாக வந்து சேர்ந்தன. பெட்டி மிகவும் சௌகரியமாக இருந்தது. வழியில் கத்தவில்லை. நமஸ்காரம். அவ்வளவுதான். அத்தை அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கார்டில் பாதிக்குமேல் காலியாக இருந்தது. காசு கொடுத்து வாங்கிய கார்டை இப்படி வீணாக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. நானாகவே சேர்த்து எழுதினேன்: 'மல்லி நன்றாகச் சாப்பிடுகிறது. மிளகாய் அதைவிட நன்றாகச் சாப்பிடுகிறது. அத்தைதான் சரியாகச் சாப்பிடுவதில்லை. ராத்திரி பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் இரண்டு பிழை இருக்கிறது.' ஓரத்தில் இடம் மிச்சமிருந்ததால் ஒரு பூனையும் வரைந்தேன். ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் கம்பவுண்டர் நின்றார். சட்டையில் அயோடின் கறை இல்லை. பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், கையில் பழக்கூடையோடு. தன் தாயார் என்றார். பூனைகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார்.

எனக்கு ஒரே பிரமிப்பு. ஒரு சின்னக் கார்டு ராஜ்யத்தின் எல்லையைத் தாண்டிப் போய், இரண்டு பேரை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டதே. அத்தை அவர்களைக் கண்டதும் சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. அத்தை இருக்கும்போது எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்ததே கிடையாது.

நைனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தெலுங்கில் பேச ஆரம்பித்தார்கள். உங்களுக்குச் சொந்த ஊர் எது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், நிலம் நீச்சு உண்டா என்று நைனா கேட்டார். பூனை வைத்தியருக்கு எதற்கு நிலம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காப்பி கொண்டு வந்து கொடுத்தபோது அவள் கையைப் பிடித்து, "அம்மாயினி ஒகசாரி பிலவண்டி" என்றார். பெண்ணை ஒருமுறை கூப்பிடுங்கள் என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து முன்னால் போய் நின்றேன். அவர் சிரித்து என் கன்னத்தைத் தடவினார். கண் மட்டும் என் தலைக்கு மேலே சமையலறை வாசலிலேயே இருந்தது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் கொல்லைக்குப் போய், வெயிலில் கிடந்த மல்லியைத் தூக்கிவந்து கம்பவுண்டரின் மடியில் வைத்தேன். அவர் அதன் தலையைத் தடவினார். ஆனால் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு தடவினார்.

"கண்ண பாக்கலியா சார்?" என்று கேட்டேன்.

அவருடைய காது சிவந்தது. நைனா திடீரென்று சிரித்துவிட்டார். திருத்தணிக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வளையல் இல்லாத ஒரு கை மட்டும் கதவு நிலையைப் பிடித்தது தெரிந்தது. அந்த மௌனத்தில் நைனாவுக்கு என்ன கேட்டதோ, தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஓடிப் போயி வெத்தல பாக்கு வாங்கினு வா" என்றார்.

எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர் யாரும் இல்லை. சரி, வந்தவர்களுக்காக இருக்கும் என்று புறப்பட்டேன். வாசற்படி தாண்டும்போது அம்மா பின்னாலேயே ஓடி வந்து, "பூவும் வாங்கினு வா. மூணு முழம்" என்றாள். அவள் குரல் என்னவோ போல இருந்தது.

கடைத் தெரு வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். பூனைகளைப் பார்க்க வந்தவர்கள் பூனைகளைப் பார்க்கவே இல்லையே, இதை ஏன் யாரும் கேட்கவில்லை என்பது ஒன்று. எங்கள் வீட்டில் பூ வைத்துக்கொள்கிறவர்கள் அம்மாவும் நானும் இரண்டே பேர், ஒரு முழம் வாங்கினாலே சாயந்தரம் மிச்சம் இருக்கும், மூன்று முழம் எதற்கு என்பது இன்னொன்று. அம்மா அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. இருந்தாலும் பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டுமே என்று மூன்று முழமாகவே அளந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.